கட்-ஆஃப் 128தான்... பணம் கட்டி இன்ஜினீயரிங் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதத்தில் 68, இயற்பியலில் 58, வேதியியலில் 62. அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ‘இந்த மார்க்குக்குக் கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறேன், இந்த வாரமே முன்பணம் கொடுங்கள்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மகனோ எந்நேரமும் பைக், மோட்டார் என்று எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். ‘ஐ.டி.ஐ.க்குப் போகிறேன்’ என்கிறான். அதைக் கேட்டாலே அவன் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் மகனுக்கு அரசு செலவில் இன்ஜினீயரிங் படிக்க உரிமை இருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேரும் இடத்துக்கு அந்த உரிமை பொருந்தாது. உங்களிடம் பணம் கேட்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-ல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான். ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக மட்டுமே இது கிடைக்கும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கும் இதே நிபந்தனைதான்.

சரி, ‘128-க்கு ஒன்றும் கிடைக்காது’ என்பது உண்மையா? கட்-ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணித மதிப்பெண் அப்படியே 68, இயற்பியலில் பாதி 29, வேதியியலில் பாதி 31, ஆக 200-க்கு 128. பொதுத் தரவரிசையில் இது பின்னால் வரும் மதிப்பெண்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை போடுகிறார்கள். அதில் உங்கள் மகன் அரசுப் பள்ளி மாணவர்களோடு மட்டும்தான் போட்டி போடுகிறான். பொதுத் தரவரிசையைவிட அந்த வரிசையில் அவன் இடம் முன்னால் இருக்கும். அதோடு, பொதுக் கலந்தாய்விலேயே ஒவ்வோர் ஆண்டும் எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகும் ஏராளமான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தானாகவே காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தை உங்களுக்கு விலைக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

ஆகவே கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். ஒருவேளை 7.5-ல் இல்லாமல் பொதுக் கலந்தாய்வில் இடம் எடுக்க நேர்ந்தால் அது கைகொடுக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் வாங்குங்கள். நடுவில் வேறு பள்ளிக்கு மாறியிருந்தால் அங்கேயும் போய் வாங்க வேண்டியிருக்கும், அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை எந்த இடைத்தரகரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். சேர்க்கையின்போது சரிபார்த்த பிறகு, கல்லூரிகூட அசல் சான்றிதழ்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில்தான் முதல் தலைமுறைக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. ‘இது நமக்குக் கிடைக்காது’ என்று நினைத்து நல்ல கல்லூரியைப் பட்டியலில் போடாமலே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டுவிடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும்; அவன் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. அதனால் எது உண்மையில் வேண்டுமோ அந்த வரிசையிலேயே போடுங்கள், நிறையப் போடுங்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி மண்டல வளாகம், தூத்துக்குடியில் உள்ள அதன் உறுப்புக் கல்லூரி, இவற்றை மேலே வையுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

தனியார் கல்லூரிகளில் எதைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்வது? விளம்பரப் பலகையில் இருக்கும் சம்பளத் தொகையைப் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத் தேர்வு வாரியாக வெளியிடுகிறது. அதை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர்கூடத் தேர்ச்சி பெறாத கல்லூரி என்றால், பிரிவு எதுவாக இருந்தாலும் வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே சேர விரும்பும் பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. அப்புறம் ஒரு வேலைநாளில் கல்லூரிக்கு நேரில் போய், வாசல் டீக்கடையில் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். ‘உங்க செட்டில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கு? லேபில் மெஷின் ஓடுதா?’ என்று கேளுங்கள். மாணவர்கள் மறைக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி. அது நல்ல படிப்புதான். ஆனால் உங்கள் மகனுக்கு அதில் ஆசை இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆசையில்லாத பிரிவில், ஆசிரியர்கள் நிலைக்காத கல்லூரியில், புதிதாக ஆங்கிலத்தில் படிக்கும் ஒரு பிள்ளை முதல் வருடமே மூன்று நான்கு அரியர் வைத்துவிட்டால், பிறகு மீள்வது ரொம்பக் கடினம். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. அங்கே பார்ப்பது பத்து, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிற்கிறதா என்பதைத்தான். மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கலை நன்றாகப் படித்தவனுக்கு மென்பொருள் வேலைக்கும் வழி உண்டு.

இனி, மகன் சொல்வதற்கு வருகிறேன். அவன் ஐ.டி.ஐ. என்கிறான், அப்பாவுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தான் வெயிலில் வண்டி ஓட்டுவதே மகன் அழுக்குச் சட்டை போடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் பிள்ளை தனக்குப் பிடித்தது எது என்று தெளிவாகச் சொல்கிறான். பதினேழு வயதில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை அடக்கிவிட வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ முடிந்துவிடும். தூத்துக்குடியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கென்று காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வழியாகத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. நேராக பி.இ. என்றால் நான்கு வருடம், இந்த வழியில் ஐந்து வருடம். ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் கையில் ஒரு தொழில்நுட்பச் சான்றிதழ் இருக்கும். வீட்டில் நெருக்கடி வந்தால் வேலைக்குப் போய்விட்டு, பிறகுகூடப் படிக்கலாம்.

இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவரும் இதேபோல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று அவன் அப்பா பயப்படத் தேவையில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘தொழில் 4.0’ மையங்களாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. சி.என்.சி. (கணினி வழி இயங்கும் இயந்திரங்கள்), ரோபாட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. வின்ஃபாஸ்ட் மின்வாகனத் தொழிற்சாலை உங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று: அவன் பி.இ., டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கு வரும். பெண் பிள்ளைகளுக்கு ‘புதுமைப் பெண்’ இருப்பதுபோல 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தொடங்கியது இது. கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் எது? கலந்தாய்வு முடிய இன்னும் வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் அவனை ஒரு மோட்டார் வைண்டிங் கடையிலோ பைக் ஒர்க்‌ஷாப்பிலோ இரண்டு வாரம் உதவியாளாக இருக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்: ‘இன்னைக்கு என்னடா செஞ்சே?’ காயில் ஏன் எரிந்தது, இந்த மோட்டார் ஏன் சூடாகிறது என்று காரணத்தைத் தேடி மண்டையைக் குடைகிறான் என்றால், கணக்கும் இயற்பியலும் அவனுக்குச் சுமையாக இருக்காது, பி.இ. மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ பொருந்தும். கழற்றி மாட்டி ஓட வைப்பதில்தான் மகிழ்ச்சி, புத்தகத்தைத் திறந்தாலே கசக்கிறது என்றால் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோதான் சரி. இரண்டு வாரத்தில் முழுதும் தெரிந்துவிடாது, ஆனால் ஆள் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று தெரியும்.

என் கருத்தைக் கேட்டால் இப்படிச் செய்வேன். கலந்தாய்வுக்கும் அரசு பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் இரண்டுக்குமே விண்ணப்பித்து வைப்பேன். 7.5 ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியோ தேர்ச்சி விகிதம் நன்றாக உள்ள கல்லூரியோ, அவன் விரும்பும் பிரிவில் கிடைத்தால் பி.இ. அப்படி அமையவில்லை என்றால் தயங்காமல் டிப்ளமோ. பெயருக்கு ஒரு கல்லூரியில் பெயருக்கு ஒரு பி.இ. வேண்டவே வேண்டாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விண்ணப்பத் தேதிகள் பொறியியல் கலந்தாய்வு முடியும் முன்பே முடிந்துவிடலாம், அதனால் முடிவுக்காகக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

பி.இ. என்று முடிவானால், வகுப்பு தொடங்கும் முன் பிளஸ் டூ கணிதத்தில் நுண்கணிதப் பாடங்களை அவன் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். முதல் பருவத்துக் கணிதத்தில்தான் தமிழ் வழிப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வியின் ஆங்கிலம் பிடிபடாமல்தான். அதே பாடங்களின் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பழகிவிடும்.

பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார். அரசு நடத்தும் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியான ‘கல்லூரிக் கனவு’ உங்கள் பகுதியில் எப்போது என்று அவரிடம் கேளுங்கள். கல்லூரி வரிசையைப் பதிவேற்றும் முன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமோ, டிப்ளமோவிலிருந்து பி.இ. என்ற வழியை ஆசிரியர் வாயால் அவர் நேரில் கேட்கட்டும்.