சிங்கப்பூர் மெர்லயன் சிலைக்குப் பின்னால் இருக்கும் கதை என்ன? ஏன் சிங்கத் தலையும் மீன் உடம்பும்?

முதல் தடவை அதைப் பார்த்தபோது ஏதோ ஆயிரம் வருஷத்துப் புராண மிருகம் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் சிங்கத்தின் கதைதான் பழசு. மீன் உடம்போடு சேர்ந்த இந்த உருவம் 1964-இல் அங்கே சுற்றுலா வாரியத்தின் சின்னமாக வரையப்பட்டது, வரைந்த ஃபிரேசர் புரூனர் வான் கிளீஃப் மீன் காட்சிசாலையின் காப்பாளர்.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் இருக்கிறது. சுமத்ராவில் உள்ள பலெம்பாங்கின் இளவரசர் சங் நீல உத்தமா, அப்போது தெமாசெக் எனப்பட்ட சிங்கப்பூர்த் தீவுக்குக் கடலில் வருகிறார், வழியில் புயல், படகில் தண்ணீர் ஏறுகிறது, சாமான்களை எல்லாம் தூக்கி எறிந்தும் அடங்கவில்லை, கடைசியில் தன் கிரீடத்தையே கடலில் போட்டதும்தான் அலை ஓய்கிறது. கரை ஏறினால் ஒரு மிருகம் சட்டென்று ஓடி மறைகிறது. சிவந்த உடம்பு, கறுத்த தலை, வெள்ளை மார்பு, ஆட்டுக்கிடாவை விடக் கொஞ்சம் பெரிசு. அது என்ன என்று கூட வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. டெமாங் லெபார் டாவுன் என்பவர் மட்டும், சிங்கம் இப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அந்தக் கேள்விப்பட்ட பேச்சை நம்பித்தான் ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் விழுந்தது! அந்தத் தீவில் புலி இருந்திருக்கிறது, சிங்கம் காட்டில் வாழ்ந்ததே இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மீன் உடம்பு அதற்கும் முந்தைய பெயருக்காக. தெமாசெக் என்றால் கடல் ஊர் என்று பொருள் சொல்வார்கள், மீன்பிடிக் கிராமமாக இருந்த காலத்தை அது நினைவூட்டுகிறது. ஆக, ஊரின் பழைய பெயர் வாலாகவும் புதுப் பெயர் தலையாகவும் ஒரே உடம்பில் இருக்கின்றன. சுற்றுலாவுக்காகச் செய்த பொம்மைதானே என்று சிலர் ஒதுக்குவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யோசித்துச் செய்த உருவம் அது.

சிலையை வடித்தவர் லிம் நாங் செங். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1972 செப்டம்பர் 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடல் பக்கத்திலிருந்து சிலையை மறைத்துவிட்டது, அதனால் 2002-இல் 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். 2009-இல் தலையில் இடி விழுந்து, அதையும் சரிசெய்தார்கள்.

அப்புறம், போனால் பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அங்கேயே 2 மீட்டர் உயரத்தில் ஒரு குட்டி மெர்லயனும் உண்டு, அதுவும் லிம் செய்ததுதான். கிட்டே போய்ப் பாருங்கள்: தோல் முழுக்கப் பீங்கான் தட்டுகளால் ஆனது, கண்கள் இரண்டும் சின்னச் சிவப்புத் தேநீர்க் கோப்பைகள்.