வாசகர் கேள்வி – பதில்: சிரிக்க வைப்பவர் சிரிக்கலாமா?

கேள்வி: சில நகைச்சுவைக் காட்சிகளை எத்தனை முறை பார்த்தாலும் சிரிக்கிறோம். வேறு சில படங்களில் நடிகர் எவ்வளவு கத்தினாலும், முகத்தைக் கோணினாலும் சிரிப்பு வருவதில்லை. இந்த வித்தியாசம் வசனத்தில் இருக்கிறதா, நடிப்பில் இருக்கிறதா?
– மேற்கு மாம்பலம் வாசகி

பதில்: வசனம் சப்பென்று இருந்தால் எந்த நடிகராலும் ஓரளவுக்கு மேல் காப்பாற்ற முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்லும் வித்தியாசம் பெரும்பாலும் நடிப்பில்தான் பிறக்கிறது என்பது என் துணிபு. தான் வேடிக்கையாக நடந்துகொள்கிறோம் என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது. அதற்கு அந்த நேரத்தில் வேலையோ, பணமோ, நாலு பேர் முன்னால் மானமோ உயிர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும். 'தில்லு முல்லு' (1981) படத்தில் மீசை இல்லாதவனை நம்பவே கூடாது என்று உறுதியாக இருக்கும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் வருகிறார். அது அவருக்கு வாழ்க்கைக் கொள்கை. அதை அவர் அத்தனை தீவிரமாக நம்புவதால்தான், ஊழியராக வரும் ரஜினிகாந்த் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் எப்போது வெளிப்படுமோ என்று நாம் பதறுகிறோம். முதலாளியை வெறும் கோமாளியாக நடித்திருந்தால் பொய்க்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் சிரிப்பும் இல்லை.

இன்னொன்று, எதிரில் இருப்பவர் கேட்கும் விதம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தன் தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேசுவதும், சத்தங்களை வாயாலேயே எழுப்புவதும் நாகேஷ்தான். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது பாலையாவை மட்டும் கவனியுங்கள். பெரிய மனிதரின் மிடுக்கோடு கேட்கத் தொடங்குபவர், கதை வளர வளரக் கண்கள் விரிந்து, உடம்பு ஒடுங்கி, மகன் முன்னால் பயத்தை மறைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பயம் உண்மையான பயம். ஒரு காலத்தில் வில்லனாகப் பெயர் வாங்கிய நடிகர் அவர். இந்தக் காட்சியில் அவர் சிரிப்பு மூட்ட முயன்ற தடயம் ஓரிடத்தில்கூட இல்லை. பாலையா பயப்படாவிட்டால் நாகேஷின் அத்தனை உழைப்பும் மிமிக்ரியாக நின்றுபோயிருக்கும்.

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியும் இதே ரகம். இரண்டு பழம் வாங்கச் சொன்ன கவுண்டமணி, ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் கொடுக்கும் செந்திலிடம் இன்னொன்று எங்கே என்று கேட்கிறார். "அதுதாண்ணே இது" என்கிறார் செந்தில். செந்திலின் முகத்தில் குறும்பின் நிழல்கூட விழவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது என்று மனதார நம்புகிறவரின் முகம் அது. கவுண்டமணியின் கோபமும் எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போகாமல், கேள்விக்குக் கேள்வி ஒரு படி ஏறுகிறது. தவில்காரராக வரும் அவருக்கு, கொடுத்த காசுக்கு நியாயம் கிடைத்தாக வேண்டும். இருவர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதால் சண்டை உண்மையாகிறது.

கேள்வி: சபா நாடகங்களில் விழுந்து விழுந்து சிரித்த நகைச்சுவை, திரையில் வரும்போது ஏன் சில சமயம் எடுபடுவதில்லை?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: தியாகராய நகர் வாணி மகாலிலோ நாரத கான சபாவிலோ நாடகம் பார்த்திருப்பீர்கள். கைதட்டலும் சிரிப்பும் அடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்திருப்பார். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்பதால் குரலையும் கையசைவையும் பெரிதாக்குவார். கேமரா முன்னால் எதிரில் ரசிகர் இல்லை. குளோசப்பில் புருவம் அசைந்தாலே பெரிய அசைவு. மேடை அளவை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தால் நடிப்பு மிகையாகத் தெரியும். காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நாடகம் நடித்த டெல்லி கணேஷ் இந்த அளவை நன்றாக அறிந்தவர். நாடகத்திலிருந்து வந்த இன்னொருவரான கிரேசி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில், சைவக் கல்யாண விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். டெல்லி கணேஷ் அதைச் சமையல்காரக் குடும்பத்தின் பிழைப்பே போகப்போகிறது என்ற பீதியோடு நடித்திருக்கிறார். குரல் அடங்கி ஒலிக்க ஒலிக்க நமக்குச் சிரிப்பு கூடுகிறது.

டப்பிங்கையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் இயல்பாக வந்த ஒரு திணறலையோ அரைநொடி மௌனத்தையோ, பல நாள் கழித்து டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்று மறுபடி பிடிப்பது எளிதல்ல. அங்கே டைமிங் நழுவிவிட்டால், திரையில் முகம் ஒன்று சொல்லக் குரல் வேறொன்று சொல்லும்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். ஒருவர் அடி வாங்கும் காட்சி இருக்கிறது. படித்தபோது சிரித்தோம், எடுத்த பிறகு சிரிப்பே வரவில்லை. என்ன செய்யலாம்?
– தாம்பரம் வாசகர்

பதில்: அடி விழுவதைவிட, அடி வாங்கியவர் அதை மறைக்கப் படும் பாட்டில்தான் சிரிப்பு அதிகம். 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலுவின் கைப்புள்ள உதைபட்ட பிறகும் வீரன் என்ற பெயரை விட்டுக்கொடுக்க மறுப்பதைப் பாருங்கள். ஆகவே அடிக்குப் பிந்தைய சில நொடிகளை வெட்டிவிடாதீர்கள். ஒத்திகையில் அந்தக் காட்சியை முதலில் சோகக் காட்சியாகவே நடித்துப் பாருங்கள். அடி வாங்கியவருக்கு எங்கே வலிக்கிறது, யார் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறார் என்பது நடிப்பவருக்குத் தெளிவாகட்டும். அடித்தவரும் வாங்கியவரும் ஒரே பிரேமில் இருக்கும்படி ஒரு ஷாட்டாவது எடுத்துவையுங்கள். 'டொய்ங்' போன்ற சத்தங்களைச் சேர்க்கும் ஆசை வரும்; முதல் எடிட்டை அவை இல்லாமலே, கதை தெரியாத நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு மறுபடி வெட்டுங்கள்.