பெர்த்தா, அடிலெய்டா? வெயில் ஊரிலிருந்து வருகிறவருக்கு எது ஒத்துவரும்?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் பெர்த், அடிலெய்டு ரெண்டு ஊரிலிருந்தும் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சொந்த ஊர் திருச்சி. அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. வருடத்தில் சில மாதம் கூட வைத்துக்கொள்ள ஆசை. பார்த்தவரை ரெண்டு ஊரின் தட்பவெப்பமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. உண்மையில் வித்தியாசம் உண்டா?"

உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த சராசரிக் கணக்கில் அது அகப்படாது. நான் மதுரைக்காரன். 2016இலிருந்து 2020 வரை அடிலெய்டு, அதற்குப் பிறகு பெர்த். ரெண்டு ஊர் வெயிலிலும் வேட்டி காயப்போட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கையே முடித்துவிடலாம். பெர்த்தில் பிப்ரவரிப் பகல் சராசரி 31, 32 டிகிரி. அடிலெய்டில் ஜனவரியில் 29, 30. ஜூலையில் பெர்த் 18, அடிலெய்டு 15, 16. குளிர்கால ராத்திரி ரெண்டிலும் 8 டிகிரி வாக்கில். மழை பெர்த்தில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டரைத் தாண்டும், அடிலெய்டில் 500 சொச்சம். ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்களில் மழை ஆகக் குறைவு அடிலெய்டுக்குத்தான். சென்னையில் பெய்வதில் பாதிகூட வராது. திருச்சிக்காரருக்கு 32 டிகிரி என்றால் சிரிப்பு வரும். தை மாசத்திலேயே நமக்கு ஏறக்குறைய அது உண்டே என்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பள்ளிக்கூடத்தில் படித்த நாலு காற்று. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நமக்குத் தென்றல் சுகம், வாடை குளிர், கொண்டல் மழைக்காற்று, கோடை அனல். இங்கே நாலும் தலைகீழ். வடக்கே இருப்பது பாலைவன உள்நாடு. வாடை அடித்தால் அடிலெய்டு வேகும். தெற்கே அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல், அதனால் தென்றல் என்று நாம் கொஞ்சும் காற்று ஆடி மாசத்தில் எலும்பைக் கடிக்கும். பெர்த்தில் கிழக்கிலிருந்து வரும் காற்றில் ஈரப்பசையே இராது; அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருக்கும். மேற்கிலிருந்து வருவதோ இந்தியப் பெருங்கடலின் குளுமை. வந்த புதிதில் இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். வானிலை அறிக்கையில் டிகிரியைப் பார்க்கும் முன் காற்றின் திசையைப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது.

மழைக் காலமும் மாறிப்போகும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் இங்கே ஆனி, ஆடி, ஆவணியில்தான். கோடையில் உயரழுத்தப் பட்டை, அதாவது காற்றழுத்தம் மிகுந்த பகுதி, தெற்கே இறங்கி, கடலிலிருந்து மழையோடு வரும் குளிர்காற்று அலைகளை ஊருக்குள் விடாமல் மறிக்கிறது. குளிர்காலத்தில் அது வடக்கே நகர, வழி திறந்துவிடும். பெர்த்துக்கு இதில் ஒரு உபரி வரவு உண்டு. மற்றக் கண்டங்களின் மேற்குக் கரையில் இதே அட்சரேகையில் ஓடுவது குளிர்ந்த கடல் நீரோட்டம். பெர்த் கரையோரம் மட்டும் லூயின் நீரோட்டம் என்ற வெதுவெதுப்பான ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. அதிலும் குளிர்காலத்தில்தான் அது வலுவாக ஓடும். பெர்த்தின் ஜூலை அடிலெய்டின் ஜூலையை விடச் சாதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வெயில். அடிலெய்டு வெயில் ஏறி இறங்கும் வெயில். ஜனவரியில் ஒரு நாள் 24 டிகிரி இருக்கும், ஸ்வெட்டர் தேடுவீர்கள். அடுத்த நாள் 31, அதற்கடுத்து 37, பிறகு 41, 42. வாடைக்காற்று தெருவில் தூசியைச் சுருட்டிக்கொண்டு போகும். பிறகு ஒரு பிற்பகலில் திசை மாறும். அதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். கொல்லைப்புறத்தில் நிற்கிறேன், மரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. திடீரென்று எல்லா இலையும் அசையாமல் நின்றது. ஒரு நிமிஷம்கூட இராது. பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. முகத்தில் கடல் வாசனை. மூணு மணிக்கு 41 இருந்த ஊர் சாயங்காலம் ஆறு மணிக்கு 25க்கு வந்துவிட்டது. தெரு முழுக்க சடசடவென்று ஜன்னல் திறக்கிற சத்தம்.

அந்த மாற்றம் வர மறுக்கும் நாட்களும் உண்டு. 2008 மார்ச்சில் அடிலெய்டில் தொடர்ந்து 15 நாள் பகல் வெயில் 35 டிகிரிக்குக் குறையவில்லை. அது நான் வருவதற்கு முன்னால். நான் பார்த்தது 2019 ஜனவரி 24. அன்றைக்கு 46.6 டிகிரி. எந்த ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரிலும் அதுவரை அவ்வளவு பதிவானதில்லை. ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனேன், அப்பளமாக நின்றது. வியர்வை தெரியவே தெரியாது, வந்தவுடன் ஆவியாகிவிடுகிறது. இதுதான் நம் ஆட்களை ஏமாற்றுவது. சென்னைப் புழுக்கத்தில் உடம்பு நனைந்து "தண்ணி குடி" என்று சொல்லும். இங்கே சொல்லாது. உதடு வெடித்து, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். அம்மா வந்தால் தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கொருதரம் மோர் கொடுங்கள். நம் ஊரில் புழுக்கத்தைக் கூட்டும் ஏர் கூலர் இந்த வறட்டு வெயிலில் அருமையாக வேலை செய்யும், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்.

பெர்த் வெயில் வேறு ஜாதி. அது தினசரி வெயில். 35 டிகிரியைத் தொடும் நாட்கள் அடிலெய்டை விட இங்கே அதிகம். காலையில் கிழக்குக் காற்று மலைச்சரிவிலிருந்து இறங்கி ஊரைக் காய்ச்சும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று வரும். துறைமுகமான ஃப்ரீமாண்டில் பக்கமிருந்து வந்து ஊரைக் குணமாக்குவதால் அதற்கு ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று பெயர். அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களே "டாக்டர் வந்தாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கடற்கரையோரம் வீடு என்றால் சீக்கிரமே தரிசனம். கிழக்கே மலையடிவாரத்தில் வீடு என்றால் நம் ஊர் அரசு மருத்துவமனை டாக்டர் மாதிரிதான், காத்துக் கிடக்க வேண்டும்.

சில நாள் டாக்டர் லீவு போட்டுவிடுவார். மேற்குக் கரையை ஒட்டி ஒரு தாழ்வழுத்தப் பள்ளம், அதாவது காற்றழுத்தம் குறைந்த பட்டை, கோடையில் நீளமாகப் படுத்திருக்கும். அது கடல்பக்கம் கிடந்தால் கிழக்குக் காற்றின் ராஜ்ஜியம். நிலத்துக்குள் நகர்ந்தால்தான் கடற்காற்றுக்கு வழி. 2021-22 கோடையில் அந்தப் பள்ளம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. 40 டிகிரியை எட்டிய நாட்கள் மட்டும் 13. அதற்கு முன் ஒரு கோடையில் 7 நாள்தான் உச்சம். கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் வீட்டை விட்டு வெளியே போனது காய்கறிக் கடைக்கு மட்டும்தான், அதுவும் காலை ஏழு மணிக்கு.

ஏழு மணி என்றதும் ஞாபகம் வருகிறது. அடிலெய்டில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். டிசம்பரில் சூரியன் மறைய ராத்திரி எட்டரை ஆகும். பெர்த்தில் அந்த வழக்கம் இல்லை. 1975, 1984, 1992, 2009 என்று நாலு தடவை வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்கே வெளிச்சம். வயதானவர்கள் வெயிலுக்கு முன் நடந்துவிட்டு வரலாம். அடிலெய்டில் எங்கள் முதல் வீட்டின் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. வாடகைக்குப் பிடித்துக்கொடுத்தவர் "நல்ல வெளிச்சமான வீடு" என்றார். பொய் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கும் கட்டிலில் வெயில் அடித்தது.

பொங்கல் இங்கே நடுக்கோடையில் வரும். அடிலெய்டில் ஒரு வருடம் கொல்லையில் செங்கல் வைத்து, கரும்பெல்லாம் தேடிப் பிடித்து, விறகு அடுக்கி வைத்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் முழுத் தீத்தடை அறிவித்துவிட்டார்கள். அனல்காற்று அடிக்கும் நாளில் ஒரு பொறி பறந்தாலும் மலைக்காடு பற்றிக்கொள்ளும் என்பதால், வெட்டவெளியில் விறகடுப்பு மூட்டினால் குற்றம். கடைசியில் சமையலறை கேஸ் அடுப்பில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, பொங்கலோ பொங்கல்.

குளிரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் 8 டிகிரி என்பது கேட்கப் பெரிதாக இல்லை. சிக்கல் வெளியே இல்லை, வீட்டுக்குள். பழைய வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டியவை. ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி, தரை ஓடு. அடிலெய்டில் ஜூலை காலை எழுந்தால் குளியலறைத் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாக இருக்கும். இட்லி மாவு ரெண்டு நாள் ஆனாலும் அசையாது. ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்துத்தான் பொங்க வைப்போம். தொட்டியில் வைத்த கறிவேப்பிலை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பெர்த்திலும் தேங்காயெண்ணெய் உறையத்தான் செய்கிறது. ஆனால் மழை கொட்டிவிட்டுப் போனதும் வெயில் எட்டிப் பார்த்துவிடும். அடிலெய்டில் அந்த ஈரக்காற்றும் மூடாக்கும் நாள் கணக்கில் நீளும். மூட்டுவலிக்காரர்களை அதுதான் படுத்துகிறது. என் மாமியார் அங்கே ஒரு ஆடி மாசம் இருந்துவிட்டு, "அடுத்த தடவை வெயில்ல கூப்பிடுங்க மாப்ளே, வெந்தாலும் பரவாயில்ல" என்றார்.

ஆகவே அம்மாவை உத்தேசித்து என்றால் பெர்த், அதுவும் கடலுக்குப் பக்கமாக. உங்களுக்கு மட்டும் என்றால் நான் அடிலெய்டைத்தான் சொல்வேன். வெயில் விட்டு விட்டு அடிப்பதில் உடம்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. எந்த ஊரானாலும் அம்மாவை மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை கூப்பிடுங்கள். வீடு பார்க்கப் போகும்போது போனில் திசைகாட்டியைத் திறந்து வையுங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். கூடத்து ஜன்னல் வடக்குப் பார்த்திருந்தால் குளிர்காலப் பகல் முழுக்க அம்மா உட்கார ஒரு வெயில் மூலை கிடைக்கும். மேற்கில் படுக்கையறை இருந்தால் வாடகையைக் குறைத்துச் சொன்னாலும் எடுக்காதீர்கள்.