சீனர்கள் எந்த ஊருக்குப் போனாலும் ஏன் யாரோடும் ஒட்டாமல் தனியாகவே இருக்கிறார்கள்?

டொராண்டோவில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறேன், எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஐ.டி. வேலைக்குப் போன இளைஞராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் போய் அவர்கள் கதவைத் தட்டினீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. சரி, அது இருக்கட்டும்.

உங்கள் எதிர்வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல்கத்தாச் சீனர்கள். 1991 முதல் 1998 வரை அங்கே தோல் பதனிடும் டேனரிகளுக்குச் சாயமும் கெமிக்கலும் விற்றுக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வாணியம்பாடி, தோல் நாற்றம் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனாலேயே, மற்ற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய தாங்ராவை என் தலையில் கட்டினார்கள்.

தாங்ரா என்பது கல்கத்தாவின் கிழக்கு ஓரம். திறந்த சாக்கடை, இரண்டு ஆள் உயர மதில், இரும்புக் கதவு. கீழே தோல் பதனிடும் டிரம் உருளும், மாடியில் முதலாளி குடும்பம் குடியிருக்கும். இந்தச் சீன முதலாளிகள் பெரும்பாலும் குவாங்தோங் மாகாணத்து மெய்சியன் பக்கத்திலிருந்து வந்த ஹக்கா என்ற சீனப் பிரிவினர். கல்கத்தாவில் கேன்டன்காரர்கள் தச்சு வேலைக்கும் ஹூபே ஆட்கள் பல் கட்டும் தொழிலுக்கும் போனார்கள். இவர்கள் செருப்பும் தோலும். மாட்டுத்தோலை நம் மேல்சாதி ஆட்கள் தொட மாட்டோம் என்று ஒதுக்கிவைத்திருந்ததால் இவர்களுக்கு இடம் கிடைத்தது. நாம் ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்தவனைப் பார்த்து ஏன் ஒதுங்கி இருக்கிறாய் என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். நானும் கேட்டவன்தான்.

முதல் மாதம் ஒரு கதவுக்கு வெளியே அரைமணி நேரம் நின்றேன். காவல்காரர் சின்னத் திட்டிவாசல் வழியாக விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு போனார், வரவேயில்லை. நான்காவது முறைதான் முதலாளியே வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பனியன், காலில் ரப்பர் பூட்ஸ். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. 'மதராசில் எங்கே?' என்றார். வாணியம்பாடி என்றதும் கதவு திறந்தது. 'ஆவாரம்பட்டைத் தோல்' என்று தலையாட்டினார். அப்புறம் ஏழு வருடம் அவரை தாதா (வங்காளியில் அண்ணன்) என்றுதான் கூப்பிட்டேன்.

ஒரு நாள் பேச்சுவாக்கில், 'சீனாவுக்கு எப்போ கடைசியாப் போனீங்க தாதா?' என்று கேட்டுவிட்டேன். அவர் பிறந்தது தாங்ராவில். 'நான் போன தூரம் கான்பூர்தான். அதுக்கும் போலீஸ் ஸ்டேஷன்ல சீட்டு வாங்கணும்' என்றார். 62 இந்திய-சீனச் சண்டைக்குப் பிறகு ரொம்ப வருடம் அப்படித்தான். இங்கேயே பிறந்திருந்தாலும் காகிதத்தில் வெளிநாட்டுக்காரர்.

அவர் மனைவி இன்னும் விசித்திரம். டெலிவரி சலானில் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டார். முதலில் கார்பன் வைத்து ஒரு நகல், அதன் பின்பக்கம் தேதி, பிறகுதான் கையெழுத்து. நகல் ஒரு டால்டா டப்பாவுக்குள் போகும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஸ்கூல் ரசீது எல்லாம் அதே மாதிரி டப்பாக்களில், அலமாரியில் வரிசையாக. கஞ்சத்தனமான கணக்குப்பிள்ளை என்று நான் லாட்ஜில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா ஷில்லாங்காரர். 1962 நவம்பரில், அவருக்குப் பதினைந்து வயதில், குடும்பத்தோடு பிடித்து ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்கள் சுமார் 3,000 பேர். அந்த அம்மா மூன்று வருடம் கழித்து வெளியே வந்தபோது அப்பாவின் செருப்புக்கடை ஏலத்தில் போயிருந்தது. கடை எங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

இங்கே ஒருவர் நிச்சயம் வந்து, சீனாவுக்கு வக்காலத்தா, கல்வானில் செத்த ஜவான்கள் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்பார். தெரிகிறது ஐயா. என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருந்தவன். நான் பேசுவது சீன அரசாங்கத்தைப் பற்றி அல்ல, மரத்தடியில் காளிக்கு ஊதுபத்தி கொளுத்திய ஒரு அம்மாவைப் பற்றி. தாங்ராவில் சீனக் காளி கோயில் என்றே ஒன்று இருக்கிறது, நூடுல்ஸ் படைப்பார்கள். நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள்.

அவர்களிடம் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கீழே டிரம்மோடு கிடந்து உழைத்தது பீகார் தொழிலாளிகள், அவர்களை மாடிப்படி ஏறவிட்டதை நான் பார்த்ததில்லை. ஹக்கா அல்லாத வீட்டில் பெண் எடுத்தால் பெரிய ரகளை. ஆனால் நான் மட்டும்? ஏழு வருடமும் லேக் மார்க்கெட்டில், நம் ஆட்கள் நடத்திய லாட்ஜில், நம் இட்லி. வங்காளி வீட்டுக்காரர் வருடா வருடம் துர்கா பூஜைக்குக் கூப்பிடுவார். நான் லீவு போட்டு ஊருக்கு ஓடிவிடுவேன். எனக்குத் தெரிந்த வங்காளி மொழி பேரம் பேச மட்டும்தான் உதவும்.

ஒருமுறை தாதா வீட்டார் சீனப் புதுவருடம் முடிந்து என்னை அச்சிப்பூருக்குக் கூட்டிப்போனார்கள். ஹூக்ளிக் கரை, செங்கல்சூளைகளுக்கு நடுவே. 1778 வாக்கில் வந்த ஆச்சியூ என்பவர், வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கிச் சர்க்கரை ஆலை வைத்தாராம், ஊருக்கே அவர் பேர். குதிரை லாடம் மாதிரி சிவப்புச் சமாதி. வறுத்த பன்றியை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே வெட்டிச் சாப்பிட்டோம். சர்க்கரைக்கு வங்காளத்தில் 'சினி', நம் தெற்கத்தி ஆட்களும் சீனி என்பார்கள். அவரால்தான் அந்தப் பேர் வந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். சொல் அவரைவிடப் பழசு, நான் வாயைத் திறக்கவில்லை, கறி நன்றாக இருந்தது.

1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் எங்கள் வேலூர் டேனரிகளுக்குத் தீர்ப்பு சொன்னது, டிசம்பரில் தாங்ராவுக்கு. இரண்டு அமர்விலும் நீதிபதி குல்தீப் சிங். எங்களுக்கு அபராதம் கட்டு, கழிவுநீரைச் சுத்தம் செய் என்றார்கள். அவர்களை ஊரைவிட்டே பாந்தலாவுக்குப் போகச் சொன்னார்கள். பாலாற்றுக்காரன் நான், சாயத்தண்ணீருக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் டேனரியும் வீடும் ஒன்றாக இருப்பவனுக்கு அது வேறு மாதிரி வலி. ஒரு தலைமுறையே டொராண்டோவுக்கு விமானம் ஏறியது. ஒரு காலத்தில் கல்கத்தாவில் 20,000 சீனர்கள், இப்போது சுமார் 2,000 என்கிறார்கள்.

என் பிழைப்பும் அதோடு போனது. தாங்ராவில் நின்ற பாக்கியை என் கமிஷனில் பிடித்தார்கள். விற்றவன் சம்பளத்தில் வாங்கியவன் கடனைப் பிடிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 'நீதானே சீனாக்காரனுக்குச் சரக்கு கொடுத்தே' என்றார் மேனேஜர். பஞ்சாபி டேனரிகளிலும்தான் பாக்கி நின்றது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பதினான்கு மாத பி.எஃப். பணம் கட்டவேயில்லை என்று கம்பெனி மூடிய பிறகுதான் தெரிந்தது. மனு எழுதி எழுதி என் கையெழுத்துதான் அழகானது. அந்த அம்மாவிடமிருந்து கார்பன் வைக்கக் கற்றிருக்க வேண்டும்.

தாதா பாக்கியை மூன்று தவணையில் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வந்தது. மூன்றாவதற்குப் போனபோது கதவில் பூட்டு. 2014இல் மறுபடி போனேன். டிரம் உருண்ட இடத்தில் ரெஸ்டாரண்ட், ஏ.சி., சிவப்பு விளக்கு. குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிட்டரிடம் விசாரித்தேன், மகன் டொராண்டோவில் ஓட்டல் வைத்திருக்கிறான், அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டான் என்றார்.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஸ்கார்பரோ பக்கம் 'ஹக்கா சைனீஸ்' என்று பலகை போட்ட கடை கண்ணில் பட்டால் உள்ளே போய் சில்லி சிக்கன் சொல்லுங்கள், கல்லாவில் இருப்பவரிடம் இந்தியில் பேசிப் பாருங்கள். பின்னால் அலமாரியில் டால்டா டப்பா வரிசை தெரிந்தால் வாணியம்பாடிக்காரன் விசாரித்தான் என்று சொல்லுங்கள். மூன்றாவது தவணையை மட்டும் ஞாபகப்படுத்தாதீர்கள்.