டொமினிக்காவின் பிரதமர் நாற்காலி: கேள்விகளும் பதில்களும்

டொமினிக்கா என்பது டொமினிக்கன் குடியரசுதானே ஐயா?

இல்லை தம்பி, இரண்டும் வேறு வேறு. ஸ்பானிஷ் பேசும் பெரிய நாடு அது. இது கரீபியன் கடலில் குவாதலூப், மார்ட்டினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே இருக்கும் மலைத்தீவு. மக்கள் சுமார் 70,000 பேர், தலைநகர் ரோசோ. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது 1978 நவம்பர் 3.

பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா? பிரிட்டிஷ் மன்னருக்கு அதில் பங்கு உண்டா?

மன்னருக்கு வேலையில்லை. செயின்ட் லூசியா, கிரெனடா போன்ற அக்கம்பக்கத் தீவுகளுக்கு இன்றும் அவர்தான் அரசுத் தலைவர். டொமினிக்கா விடுதலை நாளிலிருந்தே குடியரசு. நாடாளுமன்றச் சபையில் தொகுதிகளில் வென்று வருபவர்கள் 21 பேர். அவர்களில் பெரும்பான்மையின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிப்பார். 9 செனட்டர்களும் அதே சபையில் உட்காருவார்கள்; ஆனால் செனட்டர் பிரதமராக முடியாது.

இத்தனை சின்ன நாட்டில் பிரதமருக்கு அப்படி என்ன அதிகாரம் இருந்துவிடப் போகிறது?

சின்ன நாடு என்பதால்தான் அதிகாரம் கூடுகிறது அம்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள். 21இல் 11 இடம் கிடைத்தால் ஆட்சி. அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோர் அமைச்சர்களாகிவிடுவார்கள். அப்புறம் பின்வரிசையில் உட்கார்ந்து தலைவரைத் தட்டிக்கேட்க யார் மிச்சம்? நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் மூன்று நாளில் பதவி விலக வேண்டும், இல்லையென்றால் சபையைக் கலைக்கச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கை தூக்க வேண்டியவர்களே அமைச்சரவையில் இருக்கிறார்கள்.

தேர்தல் தேதியும் அவர் கையில்தான். 2022இல், ஐந்தாண்டு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே, பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் ஒரு மாத அவகாசத்தில் தேர்தல் வைத்தார். தேர்தல் சீர்திருத்தம் முடியவில்லை என்று முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. அவர் கட்சிக்கு 19 இடம். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் போட்டியாளர் எப்போது களமிறங்க வேண்டும் என்பதை ஆள்பவரே தீர்மானிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்படியானால் யாரையும் பாதியில் இறக்கியதே இல்லையா?

இறக்கியிருக்கிறார்கள், அதுவும் முதல் பிரதமரையே. பேட்ரிக் ஜான் 1979இல் வேலைநிறுத்தத்தையும் பத்திரிகைகளையும் ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். மே 29 அன்று எதிர்ப்பைக் காட்டத் திரண்ட கூட்டத்தின்மீது படையினர் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்துபோனார். நாடே வேலையை நிறுத்தியது. அமைச்சர்கள் விலகினார்கள், ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. சபையால் ஆகாததைத் தெரு செய்தது. ஆனால் அதற்கு ஓர் உயிரை விலை கொடுக்க வேண்டியிருந்ததே!

யூஜினியா சார்ல்ஸ் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

வழக்கறிஞர். 1980 தேர்தலில் வென்று 15 ஆண்டுகள் பிரதமராக இருந்தார். கரீபியனின் சுதந்திர நாடுகளில் முதல் பெண் பிரதமர் அவர்தான். பதவி இழந்த பேட்ரிக் ஜான், 1981இல் வெளிநாட்டுக் கூலிப்படையை வைத்து அவரைக் கவிழ்க்கப் பார்த்தார். சதி அம்பலமாகிப் பிற்பாடு சிறைக்குப் போனார். 1983இல் கிரெனடாவில் அமெரிக்கா படை இறக்கியபோது, வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரீகன் பக்கத்தில் நின்று அதை ஆதரித்துப் பேசியவரும் இவரே. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை, அவர் துணிச்சலில் சந்தேகமும் இல்லை.

பதவிக்கால வரம்பு உண்டா?

பிரதமருக்குக் கிடையாது. ரோசி டக்ளஸ் 2000இலும், பியர் சார்ல்ஸ் 2004 ஜனவரியிலும் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். பியர் சார்ல்ஸுக்குப் பின் பிரதமரான ஸ்கெரிட்டுக்கு அப்போது வயது 31.

புயல் வந்தால் பிரதமர் எங்கே இருப்பார்?

எல்லோரையும்போல வீட்டில்தான். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் தீவைத் தாக்கியபோது, தன் வீட்டுக் கூரை போய்விட்டது, உள்ளே வெள்ளம் ஏறுகிறது என்று ஸ்கெரிட்டே பேஸ்புக்கில் எழுதினார். பிறகு அவரை மீட்டார்கள். ஐந்தாவது நாள் நியூயார்க்கில், ஐ.நா. பொதுச்சபையில், பருவநிலைப் போரின் முன்வரிசையிலிருந்து நேராக வருகிறேன் என்று பேச்சைத் தொடங்கினார்.