சோறு போட்ட கம்பெனியை ஷார்ட் அடிக்கலாமா?

கேள்வி: அப்பாவும் அம்மாவும் வேலை செய்த செம்பனைத் தோட்டக் கம்பெனியின் பங்கு விழும் என்று நினைக்கிறேன். அங்கே கிராணியாக (எழுத்தராக) இருக்கும் மச்சான், இந்த மாதம் குலை வரத்து படுத்துவிட்டது என்கிறார். ஷார்ட் அடிக்கலாமா, அதாவது பங்கை இரவல் வாங்கி விற்றுவிட்டு, விலை விழுந்ததும் திருப்பி வாங்கிக் கொடுக்கலாமா? "சோறு போட்ட இடம் கெட்டுப்போகணும்னு காத்திருப்பியா?" என்று அம்மா கோபிக்கிறார். (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, அம்மாவின் கோபத்தைவிட மச்சானின் பேச்சுதான் ஆபத்து. விலையை அசைக்கக்கூடிய, கம்பெனி இன்னும் வெளியிடாத கணக்கை வைத்து விற்பது உள்தகவல் வணிகம். மலேசியாவின் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 188ஆம் பிரிவில் இதற்கு 10 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 10 லட்சம் ரிங்கிட் அபராதமும் உண்டு. சொன்னவரும் மாட்டுவார். கணக்கு வெளியாகும்வரை அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.

இனி அம்மாவுக்கு. இரவல் பங்கை விற்பதால் தோட்டத்தில் ஒரு குலைகூடக் குறையாது. ஜெர்மனியின் மின்பணப் பரிமாற்றக் கம்பெனியான வயர்கார்டின் பங்கை ஷார்ட் அடிக்க 2019இல் அந்நாட்டு அரசு அமைப்பே இரண்டு மாதம் தடை போட்டது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ கணக்கில் இல்லையென்று தெரிந்து கம்பெனி கவிழ்ந்தது. சந்தேகப்பட்டு ஷார்ட் அடித்தவர்கள் பாவிகள் அல்லர். விற்றுவிட்டு, விலை விழட்டுமென்று வாட்ஸ்அப்பில் பொய் பரப்புவதுதான் பாவம். அது சட்டப்படியும் குற்றம்.

ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. 4 ரிங்கிட்டுக்கு 1,000 பங்கு விற்றால், கம்பெனியே மண்ணானாலும் லாபம் 4,000 ரிங்கிட்தான். விலை 9 ஆனால் நஷ்டம் 5,000. அதற்கு மேலும் எல்லை கிடையாது. வாங்கிய பங்கு விழுந்தால் கையிருப்பில் அதன் அளவு சுருங்கும். ஷார்ட் தப்பினாலோ கடன் வீங்கும், புரோக்கர் மார்ஜின் (கூடுதல் ஈட்டுப் பணம்) கேட்பார், பயத்தில் உச்ச விலையில் திருப்பி வாங்குவீர்கள். 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியதை நினைத்துப் பாருங்கள். உக்ரேன் போரை எந்தக் கிராணி முன்கூட்டிச் சொன்னார்? இன்னொன்று: கம்பெனி செழித்து மச்சானுக்கு போனஸ் என்றால் உங்கள் வயிறு எரியும். அம்மா சரியாகப் பிடித்தது அதைத்தான்.

வேறு பங்கில் இறங்குவதானால், அது ஷார்ட் அடிக்க அனுமதித்த பங்குகளின் பட்டியலில் உள்ளதா, இரவல் கட்டணம் எவ்வளவு, டிவிடெண்ட் (லாப ஈவு) தேதி என்றைக்கு என்று ரெமிசியரிடம் (பங்கு முகவரிடம்) கேளுங்கள். இரவல் காலத்தில் வரும் டிவிடெண்டை, பங்கின் சொந்தக்காரருக்கு நீங்கள்தான் கட்டவேண்டும். எந்த விலையில் திருப்பி வாங்கி வெளியேறுவது என்பதை விற்பதற்கு முன்பே எழுதிவையுங்கள்; விலை ஏறத் தொடங்கியபின் எழுதும் எண் எப்போதும் கொஞ்சம் தள்ளியே போகும்.