டாக்டரைக் கேளுங்க: "ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்ங்கறார்"

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பையனுக்கு அடுத்த வாரம் 9 மாசம் முடியுது. ஒன்றரை, ரெண்டரை, மூணரை மாச ஊசியெல்லாம் போட்டாச்சு, ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், தொடை வீக்கம், ராத்திரி பூரா அழுகை. இப்ப நர்சம்மா எம்ஆர் ஊசிக்கு (தட்டம்மை, ருபெல்லாவுக்குப் போடறது) கூப்பிடுறாங்க. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்ல ஏதோ வீடியோ பாத்துட்டு இது போட்டா ஆட்டிசம் வரும், ரெண்டு வயசுல பேச்சு வந்தப்புறம் போட்டுக்கலாம்ங்கறார். மாமியார் வேற, அம்மைங்கறது ஆத்தா வந்து போறது, அதுக்கு எதுக்கு ஊசிங்கறாங்க. என்ன பண்றது?
- பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: போடுங்கம்மா. 9 மாசம் முடிஞ்சதும் வர்ற புதன்கிழமையே போட்டுடுங்க.

உங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லல, பொறுத்துப் பாக்கலாம்ங்கறார். எங்கிட்ட வந்து தயங்குறவங்கள்ல பாதிப்பேர் இப்படித்தான், முடிவை தள்ளிப்போட்டா பிள்ளை பத்திரமா இருக்கும்னு நினைப்பு. ஆனா தட்டம்மை விஷயத்துல கணக்கு தலைகீழ். வயித்துல இருக்கும்போது உங்க ரத்தத்துல இருந்து அவனுக்குப் போன எதிர்ப்பு சக்தி 9 மாசம் வாக்குல கிட்டத்தட்ட தீர்ந்துடும், அதனாலதான் ஊசியை அங்க வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி போட்டா ஊசி சரியா பிடிக்காது, அதுக்கப்புறம் விட்டா அவன் வெறுங்கையோட நிக்கறான். தட்டம்மை நிமோனியா, மூளைக்காய்ச்சல்னு போறது அதிகமா 5 வயசுக்குள்ள பிள்ளைங்களுக்குத்தான். நீங்க காத்திருக்கலாம்னு நினைக்கிற காலம்தான் ரொம்ப ஆபத்தான காலம். இத்தனைக்கும் நோயாளி ரூமை விட்டுப் போனப்புறமும் 2 மணி நேரம் வரைக்கும் அந்தக் கிருமி காத்துலயே இருக்கும், ஒரு கல்யாண மண்டபம் போதும். 2022 கடைசியில மும்பைல, மாலேகான்ல, நம்ம பக்கத்து மலப்புரத்துல எல்லாம் தட்டம்மை பரவினப்ப, மாட்டினதுல பெரும்பாலும் ஊசி போடாத, பாதியில விட்ட சின்னப் பிள்ளைங்கதான்.

ஆட்டிசம் கதைக்கு வர்றேன். 1998-ல லண்டன்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கற டாக்டர் 12 பிள்ளைங்களை வெச்சு 'லான்செட்' மருத்துவ இதழ்ல எம்எம்ஆர் ஊசியைப் பத்தி (எம்ஆரோட புட்டாளம்மைக்கும் சேர்ந்தது) எழுதின கட்டுரைதான் இதுக்கு ஊத்துக்கண். பின்னாடி பாத்தா தகவல்களையே திரிச்சிருக்காரு, ஊசி கம்பெனிங்க மேல கேஸ் போட இருந்த வக்கீல் தரப்புல இருந்து பணமும் வாங்கியிருக்காரு. 2010-ல கட்டுரையை வாபஸ் வாங்கினாங்க, அதே வருஷம் அவரோட டாக்டர் பதிவும் போச்சு. 2019-ல டென்மார்க்ல 6,57,461 பிள்ளைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து வெளியிட்டாங்க, ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆட்டிசத்துல வித்தியாசம் இல்ல. அப்புறம் ஏன் இந்த மாதிரி வீடியோல அழற அம்மா பொய் சொல்ற மாதிரி தெரியலன்னா, அவங்க பொய் சொல்லலைங்க, ஆட்டிசம் அறிகுறி வெளியில தெரிய ஆரம்பிக்கறதே ஒண்ணுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள, ரெண்டாவது எம்ஆர் ஊசி வர்றதும் 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருது, அவ்ளோதான்.

காய்ச்சலைப் பத்தி. முன்னாடி வந்தது, அப்ப போட்ட பென்டாவேலன்ட்ங்கற அஞ்சு நோய்க்கான ஊசில இருக்கற கக்குவான் இருமல் மருந்தால, அது அன்னிக்கே வந்து ரெண்டு நாள்ல போயிடும். எம்ஆர் வேற மாதிரி, அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் கழிச்சு லேசா காய்ச்சலும் சில பிள்ளைங்களுக்கு பொரிபொரியாவும் வரும். பயந்துடாதீங்க, எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் குடுத்தா போதும். காய்ச்சல் ரொம்ப ஏறினாலோ வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், ஊசி காய்ச்சல்தானேன்னு இருந்துடக்கூடாது.

பயப்படறவங்களை முட்டாள்னு சொல்ற டாக்டர்ங்க மேல எனக்கு உடன்பாடு இல்ல. 2008 ஏப்ரல்ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசிக்கு அப்புறம் 4 கைக்குழந்தைங்க இறந்துபோச்சு, அதை மறைச்சுப் பேசினா யாரு நம்புவா? அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ஊருக்குள்ள ஊசி போடறதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருக்கும்போதுதான் போட்டாங்க. இந்த ஊசி பொடியா வரும், கூட வர்ற தண்ணில கலக்கணும், கலந்தப்புறம் 4 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக்கூடாது. அதனால கூச்சப்படாம கேளுங்க: பாட்டிலை எப்ப கலந்தீங்க? பாட்டில்ல இருக்கற வட்டத்துக்குள்ள ஒரு சின்ன சதுரம் இருக்கும், அது சுத்தி இருக்கற வட்டத்தை விட வெளுப்பா இருக்கணும், சூடுபட்டு கருத்துப்போச்சுன்னா அந்தப் பாட்டில் வேண்டாம். சிரிஞ்சு புதுசு பிரிக்கறாங்களான்னு பாருங்க. போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க. நல்ல நர்சம்மா இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க. வீட்டுக்காரரை கையோட கூட்டிட்டுப் போய் இதையெல்லாம் அவரையே கேக்க விடுங்க, வீடியோ பாத்து வந்த சந்தேகம் நேர்ல கேட்டாதான் போகும்.

மாமியார்கிட்ட சண்டை வேண்டாம். வேப்பிலை கட்டி பிள்ளையை தனியா படுக்க வெக்கறது நல்ல பழக்கம்தான், மத்த பிள்ளைங்களுக்கு பரவறது குறையும். அவங்க காலத்துல தட்டம்மைல போன பிள்ளைங்க ஊர்ல யாரும் இல்லையான்னு மெதுவா கேட்டுப் பாருங்க, அவங்களே பேரு சொல்வாங்க.

கேள்வி: 2017-ல ஸ்கூல்ல எம்ஆர் ஊசி போட்டப்ப வாட்ஸ்அப்ல வந்ததைப் பாத்து நாங்க வேண்டாம்னுட்டோம். அப்ப ஏழாவது படிச்ச பொண்ணு இப்ப வேலைக்குப் போறா, வரன் பாக்கறோம். இனிமே போடலாமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: போடலாம், கல்யாணத்துக்கு முன்னாடியே போடுங்க. அந்த பிப்ரவரில வதந்தி பரவினதுல நிறைய ஸ்கூல்ல உங்கள மாதிரிதான் பண்ணாங்க, கடைசில தேதியை நீட்டிக்க வேண்டியதாப் போச்சு. உங்க பொண்ணுக்கு இப்ப தட்டம்மையை விட ருபெல்லாதான் முக்கியம். அது வந்தவங்களுக்கு சாதாரணமா போயிடும், ஆனா கர்ப்பத்தோட முதல் 3 மாசத்துல வந்தா பிறக்கற குழந்தைக்கு கண்புரை, காது கேக்காம போறது, இருதயக் கோளாறு வரலாம். பெரியவங்களுக்கு அரசு முகாம்ல கிடைக்காது, தனியார்ல எம்எம்ஆர்னு கேளுங்க, ஒரு மாச இடைவெளில ரெண்டு டோஸ். கர்ப்பமா இருக்கும்போது போடக்கூடாது, போட்டப்புறமும் ஒரு மாசம் கர்ப்பம் வேண்டாம். தேதி குறிக்கும்போது இதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

கேள்வி: சளி இருக்கும்போது குழந்தைக்கு ஊசி போடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: மூக்கு ஒழுகறது, லேசான இருமல், ஒரு நாள் பேதி இதுக்கெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். நல்லா காய்ச்சல் அடிச்சு சோர்ந்து கிடந்தா மட்டும் குணமானதும் போட்டுக்கலாம், அடுத்த ஊசி நாள் எப்பன்னு அப்பவே அட்டையில எழுதி வாங்கிக்கோங்க.